பேசினோம், புரிந்ததா?

"நெஞ்சு படபடங்குது, தலை சுத்துது, காலு மதமதன்னு இருக்கு." சுங்கை பினாங் வட்டாரத்திலிருந்து பினாங்குப் பொது மருத்துவமனைக்கு வரும் ஒரு பாட்டி இப்படித்தான் தம் குறையைச் சொல்வார். படபடப்பைக் கேட்டவுடனே "எத்தனை நாளா?" என்று மருத்துவர் குறுக்கிட்டால், மரத்துப்போன கால் பேச்சில் வராமலே போய்விடலாம். இனிப்பு நீரின் அறிகுறி அதில் இருக்கக்கூடும்.

இது கற்பனை அச்சமன்று. பெக்மன், ஃபிராங்கல் என்னும் இருவர் 1984-இல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில் 74 சந்திப்புகள் ஆராயப்பட்டன. நோயாளி பேசத் தொடங்கிச் சராசரியாக 18 வினாடிகளில் மருத்துவர் இடைமறித்தார். சொல்ல வந்ததை முழுமையாகச் சொல்லி முடித்தோர் நான்கில் ஒரு பங்குகூட இல்லை.

தான் குறுக்கிட்டதைப் பேசியவரே உணர்வதில்லை என்பதே சிக்கல். அமெரிக்க மருத்துவக் கழக இதழில் 2006-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்களின் சுயமதிப்பீட்டைப் பிறர் அளந்த மதிப்பீட்டோடு ஒப்பிட்டது. 20 ஒப்பீடுகளில் 13-இல் இரண்டுக்கும் தொடர்பு சொற்பம், அல்லது இல்லவே இல்லை, அல்லது தலைகீழ்! எனவேதான் சக மாணவரின் கண்ணும், ஒளிப்பதிவும் தேவைப்படுகின்றன.

ஆனால் நண்பர் நண்பரைக் குறை சொல்வாரா? நம்மவர்களிடம் "நல்லாத்தான் செஞ்ச" என்பதே பெரும்பாலும் தீர்ப்பு. 1984-இல் பெண்டில்டன் குழுவினர் இதற்கொரு வரிசை வகுத்தனர்: நிறைவாகச் செய்ததை முதலில் பேசியவரே சொல்ல வேண்டும், பிறகு மற்றவர்கள், அதன்பின் மாற்ற வேண்டியவற்றை அதே வரிசையில். நல்ல முறைதான். எனினும் பாராட்டு முடியும்வரை மாணவர் "அடுத்து அடி விழும்" என்றே காத்திருப்பார். பின்னர் கால்கரி-கேம்பிரிட்ஜ் வழிகாட்டியை உருவாக்கியவர்கள், "உனக்கு எங்கே சிரமமாக இருந்தது? எந்த உதவி வேண்டும்?" என்று தொடங்கச் சொன்னார்கள். எனக்கு இதுவே பொருத்தமாகப் படுகிறது.

பார்வையாளர் கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுத வேண்டும். "அக்கறை போதாது" என்றால் யாரும் திருந்த முடியாது. "மருந்தை விளக்கியபோது கோப்பையே பார்த்தாய், பாட்டியைத் திருப்பிச் சொல்லும்படி கேட்கவில்லை" என்றால் அடுத்த நோயாளியிடமே திருத்திக்கொள்ளலாம்.

பினாங்கில் இன்னொரு தடை உண்டு. சிப்பாய் லைன்ஸ் சாலையில் 1996-இல் பினாங்கு மருத்துவக் கல்லூரியாகத் தொடங்கி, 2018-இல் பெயர் மாறிய கல்லூரியின் மாணவர்கள் டப்ளினில் முற்பாதியைப் படித்துவிட்டு, இங்கே மருத்துவமனைப் பயிற்சிக்கு வருவார்கள். அங்கே ஆங்கிலத்தில் பழகிய பேச்சு, இங்கே மலாய், ஹொக்கியன், தமிழ் ஆகியவற்றின் முன் நிற்கிறது. தமிழ் மாணவர்களுக்கும் இது எளிதன்று. "உயர் இரத்த அழுத்தம்" என்றால் விழிக்கும் பாட்டிக்கு "டாரா திங்கி" என்றால் விளங்கும். (தூய தமிழன்பர்கள் பொறுத்தருள்க.) "ஆண்ட்டி" என்பதைவிடப் "பாட்டி" என்றழைத்தால் அவர் இன்னும் இரண்டு வாக்கியம் கூடுதலாகப் பேசுவார்.

தமிழறியாத சக மாணவரும் இதை மதிப்பிடலாம். முதல் குறுக்கீடு எத்தனையாவது வினாடியில் வந்தது, யார் அதிகம் பேசினார், பாட்டி ஏதேனும் கேள்வி கேட்டாரா என்று கடிகாரமும் குறிப்பேடும் கொண்டு குறித்துவிடலாம். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா உட்கொள்வது என்று பாட்டி சரியாகத் திருப்பிச் சொன்னாரா என்பதை மட்டும் தமிழ் தெரிந்த தாதி ஒருவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.