படிப்பா, வேலையா?

எங்கள் காலனி மாலைநேரப் படிப்பகத்துக்கு வரும் தம்பி ஒருவர் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் முடித்தவர். அப்பாவுக்குச் செங்கல் சூளையில் வேலை. ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்குப் போகிறேன் என்று அவர் சொன்னபோது அரை மனதோடுதான் கேட்டோம். விசாரித்ததில் விஷயம் உண்மைதான்.

அங்கே ‘ஆவுஸ்பில்டுங்’ என்றொரு முறை இருக்கிறது. சில நாள் தொழிற்கூடம், சில நாள் தொழிற்பள்ளி. இரண்டிலிருந்து மூன்றரை ஆண்டு. பயிற்சி தரும் நிறுவனமே மாத ஊதியமும் தரும். 2025இல் சேர்ந்தவருக்கு முதலாண்டில் சட்டம் வகுத்த குறைந்தபட்சம் 682 யூரோ. ஆனால் விசாவுக்கு அந்தத் தொகை மட்டும் போதாது. செலவுக்குக் குறையும் பணத்தை, மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற கணக்கொன்றில் முன்கூட்டியே போட்டுக் காட்ட வேண்டும். ஜெர்மன் மொழியில் பொதுவாக ‘பி1’ நிலைச் சான்றும் வேண்டும்.

மொழியைத் தம்பி படித்துவிடுவார். பணத்துக்கு எங்கே போவது?

பட்டியல் சாதி மாணவர்களுக்கான மத்திய அரசின் அயல்நாட்டு உதவித்தொகை முதுகலைக்கும் முனைவர் பட்டத்துக்கும்தான். தொழிற்பயிற்சி அந்தப் பட்டியலிலேயே இல்லை. வங்கிக்குப் போனோம். பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கேட்டார்கள். தம்பி காட்டக்கூடியது ஒரு நிறுவனத்தின் பயிற்சி ஒப்பந்தம்தான். அடமானம் வைக்கலாமென்றால், வீட்டுமனை அரசு கொடுத்த நிபந்தனைப் பட்டா. ஓர் அலுவலகத்தில் ‘இது வேலை’ என்றார்கள். இன்னொன்றில் ‘இது படிப்பு’ என்றார்கள். இரண்டு மேசைக்கும் நடுவில் நாங்கள் நின்றோம்.

இந்தக் குழப்பத்தில் தரகர்களுக்குத்தான் கொண்டாட்டம். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்புவோர் உரிமம் பெற வேண்டும் என்கிறது. சேவைக் கட்டணமும் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். ‘கல்வி ஆலோசனை மையம்’ என்று பலகை மாட்டிக்கொண்டால், நாங்கள் வேலைக்கு அனுப்பவில்லை என்று சொல்லித் தப்பிக்கலாம். தம்பியிடம் ஒரு மையம் கேட்டது 4 லட்சம். ரசீது தர மாட்டார்களாம்! உங்கள் ஊரிலும் யாராவது அப்படிக் கேட்டால், பணம் கொடுக்கும் முன் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரியுங்கள்.

செவிலியர் படித்தவர்களுக்குத் தாட்கோ ஜெர்மன் மொழிப் பயிற்சி தருகிறது. நல்ல தொடக்கம். அதை ஐ.டி.ஐ. பிள்ளைகளுக்கும் விரிக்க வேண்டும், பயிற்சி ஒப்பந்தத்தை உதவித்தொகைக்கும் கடனுக்கும் ஏற்க வேண்டும் என்று திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது. தம்பி ‘ஏ2’ தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார்.