கனமான குரலுக்கு ஒரு பாட்டு: உஷா உதுப்

கோட்டைப்பட்டினத்துல எங்க தெருவே என் குரலைக் கேட்டுப் பழகினதுதான். ஆனா போன மாசம் ஆபீஸ் டெமோவுல, "உங்க குரல் கரகரன்னு இருக்கு, வேற யாராவது பேசட்டும்"னு சொல்லிட்டாங்க. அன்னிக்கு ராத்திரி முழுக்க நான் கேட்டது உஷா உதுப்.

1947-ல மும்பையில, தமிழ்க் குடும்பத்துல பிறந்தவங்க. குரல் கனமா இருக்குன்னு பள்ளிக்கூடப் பாட்டு வகுப்புல சேர்த்துக்கல. முறையான சங்கீதப் பயிற்சியும் கிடையாது. 1969-ல சென்னை மவுண்ட் ரோடு நைன் ஜெம்ஸ் கிளப்புல புடவை கட்டிக்கிட்டு ஆங்கிலப் பாட்டு பாட ஆரம்பிச்சாங்க. அப்புறம் கொல்கத்தா டிரிங்காஸ்.

அப்போ சினிமாவுல கதாநாயகின்னா மெல்லிசான, உச்ச ஸ்தாயிக் குரல்தான். டிஸ்கோ அதை அசைச்சுது. டிஸ்கோவுல ஒவ்வொரு தாளத்துக்கும் டிரம் இடிக்கும். அதைத் தாண்டிக் கேட்கக் குரல்ல கனம் வேணும். இரப்ஷன் குழுவுல சோல் பாடகி பிரஷஸ் வில்சன் பாடின 'ஒன் வே டிக்கெட்' 1979-ல ஹிட். அந்த மெட்டுலேயே பப்பி லஹிரி 1980-ல 'ஹரி ஓம் ஹரி' போட்டார். பாடினது உஷா. அடுத்து 'ரம்பா ஹோ'. தமிழ்ல 'அஞ்சலி' (1990) படத்து 'வேகம் வேகம்'. 2024-ல பத்மபூஷண்.

வகுப்புல வேண்டாம்னு சொன்ன அதே குரல்தாங்க!

அடுத்த டெமோவுல நானே பேசுறேன்னு மெயில் போட்டிருக்கேன். பதில் வந்ததும் சொல்றேன்.