இல்லாத சுவரில் முட்டும் கைத்தடி

மெய்நிகர் உலகம் என்றதும் கண்ணை அடைத்துக்கொள்ளும் தலைக்கருவியும் அதில் ஓடும் படமும்தான் நினைவுக்கு வரும். அந்தப் படத்தையே எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்? நிறையவே மிஞ்சும் என்று காட்டியது, மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் பார்வையற்றோருக்காகச் செய்து 2018-இல் வெளியிட்ட ‘கேன்ட்ரோலர்’ என்னும் கைத்தடிக் கருவி.

வெள்ளைக் கைத்தடியை ஊன்றுகோல் என்று நினைப்பவர்கள் இன்னமும் உண்டு. இரண்டாம் உலகப் போரில் பார்வையிழந்த அமெரிக்க வீரர்களுக்காக ரிச்சர்ட் ஹூவர் வகுத்த நடைமுறையில் அது உடலைத் தாங்குவதே இல்லை. தோளகலத்தைவிடச் சற்றுக் கூடுதலாக இடமும் வலமும் வீசுவார்கள். வலக்கால் முன்னே போகும்போது தடியின் நுனி இடப்பக்கத் தரையைத் தொடும். அடுத்து இடக்கால் விழப்போகும் இடம் அதுதான். சிமென்டா, கம்பளமா என்பதை நுனியின் அதிர்வும் ஓசையும் சொல்லிவிடும்.

ஆகவே, கருவி போலியாக உண்டாக்க வேண்டியவை மூன்று: தடை, அதிர்வு, ஓசை. தடை இருப்பதிலேயே கடினமானது. கணினிக்குள் மட்டும் இருக்கும் மேசைக்குக் கையிலிருக்கும் தடியை நிறுத்தும் வலு ஏது? அதனால் பயனரின் இடுப்பில் ஒரு பிரேக்கைக் கட்டி, அதைத் தடியோடு இணைத்தார்கள். தடி எங்கே இருக்கிறது என்பதை உணரிகள் கவனித்துக்கொண்டே இருக்கும். மெய்நிகர் மேசையைத் தொட்டதும் பிரேக் பிடிக்கும். கை சட்டென நின்றுவிடும். அதே நொடியில் பிடி அதிரும், மோதிய திசையிலிருந்தே ‘டக்’ என்று கேட்கும். பார்வையற்றவர்கள் ஒன்பது பேர் அறைக்குள்ளும் சாலையிலும் நடப்பதுபோல இதில் நடந்து பார்த்தார்கள்.

சாலையைக் கடக்கப் பழகுவதில்தான் இதன் பெரும்பயன் இருக்கிறது என்பது என் எண்ணம். அசல் சாலையில் தவறு செய்து கற்றுக்கொள்ள யாரும் விடமாட்டார்கள். இங்கே எத்தனை முறை வேண்டுமானாலும் தவறலாம்.

முதல் கருவியின் பிரேக் பக்கவாட்டு அசைவை மட்டுமே தடுத்தது. 2020-இல் வந்த அடுத்த வடிவம் மூன்று அச்சுகளிலும் தடுத்தது. பள்ளம் மட்டும் இன்னும் சிக்கல்தான். நடைபாதை முடிந்து தரை இறங்குவதைத் தடி உணர்த்தினாலும், ஆய்வுக்கூடத்தின் சமதளத்தில் கால் இறங்காது. அதைப் பழக, பயிற்சியாளரோடு அசல் நடைபாதைக்குத்தான் போக வேண்டும்.