அயல்மண்ணில் நிக்காஹ்: சட்டம் வேண்டுவன யாவை?

இஸ்லாமிய நெறியில் திருமணம் என்பது ஓர் ஒப்பந்தம். மணமக்களின் சம்மதம், வலீயின் இசைவு, இரு சாட்சிகள், மஹர் ஆகியன அமைந்துவிட்டால் நிக்காஹ் நிறைவெய்திற்று என்றே நாம் கருதுகிறோம். ஆயினும், அயல்நாட்டில் நிகழும் நிக்காஹுக்கு அந்நாட்டுச் சட்டத்தின் ஏற்பும் கிடைத்துவிட்டதா என்பது வேறு வினா. இங்கிலாந்தைச் சான்றாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

மணமுறை செல்லுமா என்பதை அது நிகழ்ந்த இடத்தின் சட்டமே முடிவு செய்யும் என்பது ஆங்கிலச் சட்டத்தின் அடிப்படை விதி. எனவே இந்தியச் சட்டப்படி காயல்பட்டினத்தில் முறையாக நடந்த நிக்காஹை, மணமக்கள் இருவரும் மணக்கத் தகுதியுடையோராயின், இங்கிலாந்து திருமணமாக ஏற்கும். அதே நிக்காஹ் லண்டனில் ஒரு வீட்டுக் கூடத்தில் மட்டும் நடந்திருந்தால் ஏற்காது!

1949ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் விதிக்கும் முறைமைகள் வருமாறு: மணமக்கள் தாம் குறைந்தது 7 நாட்கள் வசித்த வட்டாரத்தில், பதிவு அலுவலகத்திற்கு நேரில் சென்று முன்னறிவிப்புத் தர வேண்டும். பின்னர் 28 நாட்கள் காத்திருக்க வேண்டும். அயல்நாட்டார் எனில் இக்காலம் 70 நாட்கள்வரை நீளக்கூடும். கடவுச்சீட்டு, முகவரிச் சான்று, முன்பு மணமானவராயின் மணவிலக்கு அல்லது இறப்புச் சான்று ஆகியவை தேவை. சாதாரண வருகை விசாவில் வந்தவர் அங்கு மணமுடிக்க இயலாது. அதற்கெனத் தனி விசா உண்டு. 2023 பிப்ரவரி முதல் இருவருக்கும் 18 வயது நிரம்பியிருத்தல் கட்டாயம். பள்ளிவாசலில் மணம் நடத்துவதாயின், அக்கட்டடம் திருமணத்திற்கெனப் பதிவு பெற்றிருக்க வேண்டும்.

இவற்றைப் புறக்கணித்தால் விளைவது என்ன? 1998இல் லண்டன் உணவகமொன்றில் நிக்காஹ் செய்துகொண்ட ஒரு தம்பதியர், பின்னர் பதிவுத் திருமணம் செய்துகொள்ளவில்லை. மனைவி மணவிலக்குக் கோரியபோது வழக்கு மேல்முறையீட்டு நீதிமன்றம்வரை சென்றது. அந்த நிகழ்வு சட்டத்தின் பார்வையில் திருமணமே அன்று என 2020இல் தீர்ப்பாயிற்று. திருமணம் இல்லையெனில் மணவிலக்கும் இல்லை. மணவிலக்கின்போது கணவனின் சொத்திலும் வருவாயிலும் பங்கு கேட்கும் உரிமையும் இல்லை. கணவன் உயில் எழுதாது இறந்தாலும் மனைவி என்ற நிலையில் அவளுக்கு வாரிசுரிமை கிட்டாது.

இழப்பு பெரும்பாலும் பெண்ணையே சார்கிறது. அவள் அல்லாஹ்வின் முன்னிலையில் மனைவி. நீதிமன்றத்தின் முன்னிலையிலோ யாரோ ஒருத்தி.

பதிவு செய்வது மார்க்கத்திற்கு மாறானதென எண்ணுவோர் நம்மிடையே உளர். கடனைக்கூட எழுத்தில் பதிந்து சாட்சிகளை வைக்குமாறு பணித்த மார்க்கம் நம்முடையது. வாழ்நாள் ஒப்பந்தத்தை எழுத்தின்றி விடுவது எங்ஙனம் பொருந்தும்? மகளை அயல்நாட்டில் மணமுடித்துக் கொடுக்கும் வலீ, மஹர் எவ்வளவு என்று கேட்பதோடு அமையாது, பதிவு எந்நாள் என்றும் கேட்பாராக. நிக்காஹ் ஓதும் இமாமும் பதிவுச் சான்றைக் கண்ட பின்னரே ஓதுவாராயின், பல குடும்பங்கள் காக்கப்படும்.