திருகோணமலையை இணையத்தில் வாசிப்பது

திருகோணமலையைப் பாடிய பழைய தமிழ்ப் பாடல்களில் திருஞானசம்பந்தரின் பதிகத்துக்கே முதலிடம். ஏழாம் நூற்றாண்டில் பாடப்பட்ட அந்தப் பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. சம்பந்தர் கடலைக் கடந்து ஈழத்துக்கு வரவில்லை; இராமேசுவரத்தில் நின்றே கோணமலையையும் திருக்கேதீச்சரத்தையும் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. பார்க்காத ஊரைப் பாடியவர் என்றாலும் அந்த ஊரின் முக்கியக் கூறுகளை அவர் தவறவிடவில்லை. ஓயாமல் இரையும் கடல், அலைகள் கரையில் ஒதுக்கும் முத்து, நெருக்கமாக வாழும் குடிகள் ஆகிய மூன்றும் பதிகத்தில் வருகின்றன. துறைமுகத்தையொட்டி மக்கள் நெருங்கி வாழ்ந்த ஊர் என்ற செய்தி 1,300 ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்ச் செய்யுளில் பதிவாகியிருப்பது சிறிய விடயமல்ல.

இந்தப் பதிகத்தைப் படிக்க இன்று புத்தகம் தேடி அலைய வேண்டியதில்லை. மதுரைத் திட்டத்தின் இணையத்தளத்தில் தேவாரம் முழுவதும் தட்டெழுதிய பாடமாகக் கிடைக்கிறது. தருமபுரம் ஆதீனத்தின் ஆதரவோடு இயங்கும் தேவாரம் இணையத்தளத்தில் பாடலோடு பொழிப்புரையும் குறிப்புரையும் உண்டு. ஓதுவார் பாடிய ஒலிப்பதிவும் உண்டு. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 2007இல் வெளியிட்ட மின்தேவாரப் பதிப்பு பாடல் பெற்ற தலங்களை வரைபடத்திலேயே குறித்துக் காட்டுகிறது. முதன்முறையாகத் தேவாரம் படிக்க வருபவருக்கு ஒலிப்பதிவே நல்ல தொடக்கம். சந்தி பிரிக்காமல் அச்சிட்ட வரியைக் கண் தடுமாறித் தடுமாறிப் படிக்கும்போது, ஓதுவாரின் குரல் சொற்களை எங்கே முறிப்பது என்று காட்டிவிடும். இரண்டு தடவை கேட்டுவிட்டுப் பொழிப்புரையைப் பார்த்தால் பாதிப் பாடல் உரையில்லாமலே விளங்கிவிடும்.

சம்பந்தருக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் அருணகிரிநாதரும் திருக்கோணமலைக்கு ஒரு திருப்புகழ் பாடியிருக்கிறார். திருப்புகழுக்கென்றே இயங்கும் கௌமாரம் இணையத்தளத்தில் பாடல்கள் தலவாரியாக அடுக்கப்பட்டுள்ளன. சொற்பிரிப்பும் பொருளும் பாடலுக்குக் கீழேயே இருக்கின்றன. திருப்புகழின் தாளத்தைச் சுவைப்பவருக்கு ஒரு சொல் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதுதான் பெரிய சிக்கல். அங்கே அது தீர்ந்துவிடுகிறது.

இந்த வசதிகள் வந்த வழியையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் மைக்கேல் ஹார்ட் 1971இல் ஓர் ஆவணத்தைப் பல்கலைக்கழகக் கணினியில் தட்டெழுதி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தார். குட்டன்பெர்க் திட்டத்தின் தொடக்கம் அது. தமிழில் அதே எண்ணம் 1998 பொங்கலன்று மதுரைத் திட்டமாகத் தொடங்கியது. சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் அதன் முன்னோடி. பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் ஊதியம் எதுவும் பெறாமல் ஓய்வு நேரத்தில் நூல்களைத் தட்டெழுதினார்கள். வேறு சிலர் பிழை திருத்தினார்கள். அன்று தமிழுக்கு ஒரே எழுத்துரு முறை இல்லை. ஒருவர் அனுப்பும் கோப்பு இன்னொருவர் கணினியில் குப்பையாகத் தெரியும். யுனிகோடு பரவிய பின்னரே அந்தப் பாடங்கள் எந்தக் கைபேசியிலும் திறக்கக்கூடியவையாயின. இன்று ஒரு சங்கப் பாடலைத் தேடியெடுக்கச் சில விநாடிகள் போதும். அதற்குப் பின்னே ஆயிரக்கணக்கான மணிநேர உழைப்பு இருக்கிறது. அதில் ஈடுபட்டவர்களின் பெயர்களை ஒவ்வொரு நூலின் தொடக்கப் பக்கத்திலும் காணலாம். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் தாண்டிப் போகாதிருப்பது நல்லது.

ஈழத்து நூல்களுக்கு வேறொரு வாசல் தேவைப்பட்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பலாயின. போரில் வீடுகளோடு எரிந்தவையும், இடம்பெயர்ந்தவர்கள் விட்டுச் சென்றவையும் எந்தக் கணக்கிலும் வராதவை. ஈழத்தில் ஒரு நூல் பெரும்பாலும் சில நூறு பிரதிகளே அச்சாகும்; அந்தச் சில நூறும் போனால் நூலே போய்விடும். 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் இந்த இழப்பை நேரடியாக எதிர்கொள்கிறது. நூல்கள், சஞ்சிகைகள், பத்திரிகைகள், பிரசுரங்கள், கோயில் மலர்கள், பாடசாலை மலர்கள் என்று எதையும் ஒதுக்காமல் பக்கம் பக்கமாக ஸ்கான் செய்து இலவசமாக வெளியிடுகிறது. பேராசிரியரின் ஆய்வு நூலுக்கும் சனசமூக நிலையத்தின் ஆண்டுவிழா மலருக்கும் அங்கே ஒரே இடம்தான். திருகோணமலை போன்ற மாவட்டத்துக்கு இது பெரிய கொடை. ஏனெனில் அதன் இலக்கியத்தில் பெரும்பங்கு பெரிய பதிப்பகங்களின் வழியாக வந்ததல்ல. கோயில் மலர்களிலும் ஊர்ச் சங்க வெளியீடுகளிலும் சிற்றிதழ்களிலும் வெளியானது. திருகோணமலையிலிருந்து வந்த ‘நீங்களும் எழுதலாம்’ என்ற கவிதை இதழ் அதற்கு ஓர் உதாரணம்.

நூலகத்தில் தேடுவதற்குக் கொஞ்சம் பழக்கம் வேண்டும். மதுரைத் திட்டத்தில் இருப்பது தட்டெழுதிய பாடம். ஒரு சொல்லைக் கொடுத்தால் வரி கிடைக்கும். நூலகத்தில் இருப்பவை பெரும்பாலும் பக்கங்களின் படங்கள். அங்கே நூலின் பெயரையோ ஆசிரியரின் பெயரையோ கொண்டுதான் தேட வேண்டும். ஊரின் பெயரே முதல் தடை. திருகோணமலை, திருக்கோணமலை, திரிகோணமலை, கோணமலை, திருமலை என்று ஐந்து விதமாகவும் நூற்பெயர்கள் உண்டு. ஒரு ‘க்’ கூடினாலோ குறைந்தாலோ தேடல் வேறு பட்டியலைத் தரும். ‘திரிகோணாசலம்’ என்று தேடினால் புராணங்கள் வரும். ‘திருமலை’ என்று தேடினால் அண்மைக்காலச் சிறுகதைகளும் கவிதைகளும் வரும், கூடவே திருப்பதியும் வரும். பொறுமையாக எல்லா வடிவங்களையும் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

பெயர் தரும் மயக்கத்துக்கு இன்னோர் எடுத்துக்காட்டு கோணேசர் கல்வெட்டு. பெயரைப் பார்த்தால் கல்லில் வெட்டிய சாசனம் என்று தோன்றும். உண்மையில் அது கவிராசவரோதயன் இயற்றியதாகச் சொல்லப்படும் நூல். பாட்டும் உரைநடையும் கலந்தது. குளக்கோட்டு மன்னன் செய்த திருப்பணிகளையும், கோயில் தொழும்புகளை யார் யார் செய்ய வேண்டும் என்ற ஒழுங்கையும் அது விரிவாகச் சொல்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து அங்கே கோட்டை கட்டினார்கள். இன்றைய பிரெட்ரிக் கோட்டையின் வாசலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லொன்று இருக்கிறது. குளக்கோட்டனின் பெயர் வரும் தமிழ் வரிகள் அதில் வெட்டப்பட்டுள்ளன. கோட்டைக்குள் போகிறவர்களில் பலர் நிமிர்ந்து பார்க்காமலே கடந்து போகிறார்கள். கோணேசர் கல்வெட்டை வாசித்துவிட்டுப் போகிறவருக்கு அந்த வாசல் வேறாகத் தெரியும். இந்த நூலின் பதிப்பை நூலகத்தில் படிக்கலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் திருகோணமலை தமிழுக்குக் கொடுத்தது இரண்டு சகோதரர்களை. மூத்தவர் தி. த. கனகசுந்தரம்பிள்ளை தொல்காப்பியப் பதிப்பில் உழைத்த புலவர். இளையவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை. இவர் 1892இல் வெளியிட்ட ‘தத்தை விடு தூது’ பழைய தூது இலக்கிய வடிவத்தை எடுத்து, கிளியைத் தூதாக அனுப்பும் கற்பனையில் பெண் விடுதலையைப் பேசியது. பாரதியார் புதுமைப்பெண்ணைப் பாடுவதற்கு முன்பே இது நடந்துவிட்டது. 1895இல் அவர் எழுதிய ‘மோகனாங்கி’ தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று கொள்ளப்படுகிறது. மதுரைச் சொக்கநாத நாயக்கரையும் தஞ்சை இளவரசியையும் சுற்றி அமைந்த கதை அது. வரலாற்று நாவல் என்றவுடன் கல்கியிலிருந்து தொடங்கும் வாசகர்கள், அவருக்கு அரை நூற்றாண்டு முன்னதாக ஒரு திருகோணமலைக்காரர் அந்தப் பாதையைத் திறந்திருக்கிறார் என்பதை அறிந்திருக்க வேண்டும். பழைய உரைநடை ஆதலால் முதல் அத்தியாயத்தில் வேகம் மட்டுப்படும். நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் பழகிவிடும்.

இத்தகைய பழைய அச்சுகளை ஸ்கான் செய்த வடிவில் படிக்கும்போது எழுத்தும் கொஞ்சம் மாறியிருக்கும். தமிழ்நாட்டில் 1978இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் ணை, லை, னை, றா, னா போன்றவை வேறு வடிவங்களில் அச்சிடப்பட்டன. இலங்கை அச்சகங்களில் பழைய வடிவம் அதற்குப் பின்னும் நெடுங்காலம் நீடித்தது. கணினியின் எழுத்துணரி மென்பொருள் இந்தப் பழைய வடிவங்களில் அடிக்கடி தடுமாறுகிறது. தானாக மாற்றிய பாடத்தில் ஒரு சொல் பொருந்தாமல் நின்றால், பக்கத்தின் படத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்ப்பதே சரி. விளங்காத சொல்லுக்கு சிக்காகோ பல்கலைக்கழகத்தின் இணைய அகராதிப் பக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி இருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் சங்க இலக்கியமும் காப்பியங்களும் உரைகளோடு உள்ளன; அதன் மின்னூலகத்தில் பழைய அச்சு நூல்களின் ஸ்கான் பிரதிகளும் உண்டு.

இருபதாம் நூற்றாண்டுக்கு வந்தால் துறைமுகத்தின் எதிர்க்கரையைப் பார்க்க வேண்டும். கொட்டியாரக் குடாவின் தென்புறத்திலுள்ள மூதூரில் 1925இல் பிறந்தவர் வ. அ. இராசரத்தினம். சொந்தமாக ஒரு தோணி வேண்டும் என்று ஏங்கும் மீனவச் சிறுவனின் கதையான ‘தோணி’ ஈழத்துச் சிறுகதைத் தொகுப்புகளில் திரும்பத் திரும்ப இடம்பெறுவது. அதே பெயரில் 1962இல் வந்த அவரது தொகுதி இலங்கை சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. கடற்கரை மக்களின் பேச்சும் தொழிலும் கடனும் கனவும் அந்தக் கதைகளில் அலங்காரமில்லாமல் வருகின்றன. கதை என்றால் கவிதையல்லவே என்று சொல்பவர் ‘தோணி’யை ஒருதடவை வாய்விட்டுப் படிக்க வேண்டும்.

அடுத்தவர் பிரமிள். 1939இல் திருகோணமலையில் பிறந்து, இருபது வயதையொட்டியே சி. சு. செல்லப்பாவின் ‘எழுத்து’ இதழுக்குக் கவிதையும் விமர்சனமும் அனுப்பத் தொடங்கியவர். பின்னர் தமிழ்நாட்டுக்குப் போய் அங்கேயே வாழ்ந்து 1997இல் மறைந்தார். தமிழ்ப் புதுக்கவிதையில் படிமத்தை அவரளவுக்குச் செறிவாகக் கையாண்டவர்கள் மிகச் சிலர். ‘காவியம்’ என்று பெருந்தலைப்பு வைத்து அவர் எழுதியது சில வரிகளேயான ஒரு கவிதை. உதிர்ந்த ஓர் இறகு அதன் பொருள். அவரை இணையத்தில் தேடுவது தனி வேலை. தருமு சிவராம், தர்மு அரூப் சிவராம், பானுசந்திரன், பிரமிள், பிரேமிள் என்று அவர் பெயரை மாற்றிக்கொண்டே இருந்தார். 1960களின் எழுத்துகளுக்குத் தருமு சிவராம் என்றும், பிற்காலத்தவற்றுக்குப் பிரமிள் என்றும் தேடினால் அதிகம் கிடைக்கும். ஆனால் தனித்தனிப் பக்கங்களில் யார் யாரோ எடுத்துப் போட்ட கவிதைகளில் வரிமுறிப்பும் சொற்களும் மாறிக் கிடக்கின்றன. அவரைப் பொறுத்தவரை வரி எங்கே முறிகிறது என்பதும் பொருளின் பகுதி. ஆகவே இணையத்தில் படித்த ஒரு கவிதை பிடித்துப்போனால் கால சுப்ரமணியம் தொகுத்த அச்சுப் பதிப்புகளோடு ஒப்பிடுவது அவசியம்.

பிரமிளும் இராசரத்தினமும் ஏன் சம்பந்தரைப் போல எங்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பதற்குக் காரணம் பதிப்புரிமை. இலங்கையின் 2003ஆம் ஆண்டுப் புலமைச் சொத்துச் சட்டம் எழுத்தாளரின் வாழ்நாளுக்கும் அதற்குப் பின் 70 ஆண்டுகளுக்கும் உரிமையைக் காக்கிறது. இந்தியாவில் அது 60 ஆண்டு. 2001இல் மறைந்த இராசரத்தினத்தின் படைப்புகள் இலங்கையில் 2071 வரை உரிமைக்குட்பட்டவை. சரவணமுத்துப்பிள்ளையோ நூறாண்டுகளுக்கு முன்பே மறைந்தவர். அவர் எழுத்து எல்லோருக்கும் பொது. உரிமை நீடிக்கும் நூல்களை நூலகம் திட்டம் உரியவர்களின் அனுமதி பெற்றே வெளியிடுகிறது. வீட்டில் தந்தையோ பாட்டனோ எழுதி அச்சிட்ட கவிதைத் தொகுதி இருந்தால், குடும்பத்தினர் அனுமதியோடு ஒரு பிரதியைக் கொடுத்து அதை இணையத்தில் ஏற்றச் செய்யலாம்.

கரைச்சல் இல்லாமல் படிக்கச் சில நடைமுறைகளும் உண்டு. ஸ்கான் செய்த பீடிஎஃப் கோப்புகள் கனமானவை. டேட்டா குறைவாக உள்ளவர் வைஃபை கிடைக்கும் இடத்தில் இறக்கிவைத்துப் பின்னர் படிக்கலாம். சிறிய திரையில் பழைய பக்கத்தைப் பெரிதாக்கி நகர்த்திக்கொண்டே படிப்பது கண்ணுக்குக் கஷ்டம். கைபேசியைப் பக்கவாட்டில் திருப்பினால் ஒரு வரி முழுதாகத் தெரியும். செய்யுளுக்குத் தட்டெழுதிய பாடமும், சஞ்சிகைக்கும் நாவலுக்கும் ஸ்கான் பிரதியும் பொருத்தமானவை. சஞ்சிகையில் அக்காலத்து விளம்பரமும் அட்டைப்படமும் ஆசிரியர் தலையங்கமும் சேர்ந்தே வருவதால், டொமினிக் ஜீவாவின் ‘மல்லிகை’ இதழ்களை நூலகத்தில் புரட்டுபவருக்கு ஒரு கவிதை பிறந்த காலமும் கூடவே கிடைக்கும்.

அச்சேறாத பாட்டுகளுக்கும் இடம் உண்டு. நூலகம் திட்டத்தை நடத்தும் நூலக நிறுவனத்தின் ஆவணகம் என்ற தளம் ஒலிப்பதிவுகள், நிகழ்படங்கள், புகைப்படங்கள், ஏட்டுச்சுவடிகள் ஆகியவற்றைச் சேர்க்கிறது. வயலிலும் தோணியிலும் தாலாட்டிலும் பாடப்பட்டவை புத்தகத்தில் வந்தால் சொல் மட்டுமே வரும், மெட்டு வராது. வெருகல் சித்திரவேலாயுதர் மேல் தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் பாடிய ‘காதல்’ போன்ற பிரபந்தங்கள் அச்சில் வந்துவிட்டன. தம்பலகாமத்து வயல்களின் அரிவி வெட்டுப் பாட்டை இன்னும் நினைவில் வைத்திருக்கும் முதியவர்களிடம் கைபேசியின் ஒலிப்பதிவை அழுத்தி, பாடியவர் பெயரையும் ஊரையும் திகதியையும் முதலில் சொல்லிப் பதிந்துகொண்டால் அதுவும் அங்கே சேரத் தக்க ஆவணமாகிவிடும்.