கைத்தடி வாங்கப்போறீங்களா? முதல்ல அளவைப் பாருங்க!

‘தடி ஊன்றினா கிழவன்னு சொல்லுவாங்க’ என்று சுவரைப் பிடித்தபடியே நடக்கும் பெரியவர்கள் பல வீடுகளில் உண்டு. பாத்ரூமில் வழுக்கி, இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் தடி கைக்கு வருகிறது. அதுவரை காத்திருக்க வேண்டாம்.

வழக்கமாகப் போடும் செருப்புடன் பெரியவரை நிமிர்ந்து நிற்கச் சொல்லுங்கள். கையைத் தொங்கவிட்டால், தடியின் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக இருக்க வேண்டும். பட்டனை அழுத்தி உயரத்தை மாற்றும் அலுமினியத் தடி என்றால் இது சுலபம்.

வலது முழங்காலில் வலியா? தடியை இடது கையில் பிடிக்க வேண்டும். பலர் தவறுவது இங்கேதான். வலிக்கும் காலும் தடியும் சேர்ந்தே முன்னே போகட்டும். அடியில் இருக்கும் ரப்பர் புஷ் தேய்ந்தால் உடனே மாற்றிவிடுங்கள். நிற்கும்போதே தள்ளாடுகிறவர்களுக்கு நான்கு கால் தடியா, வாக்கரா என்பதை பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டு முடிவுசெய்யுங்கள்.

2017-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்தில், வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள முதியோருக்கு முகாம்கள் மூலம் கைத்தடி, வாக்கர் போன்றவை இலவசமாகத் தரப்படுகின்றன.

அப்புறம், கூச்சம்? கடைக்கு அவரையே அழைத்துப் போங்கள். நிறத்தை அவரே தேர்ந்தெடுக்கட்டும். மணிக்கட்டில் மாட்ட ஒரு கயிறு, இருட்டில் மின்ன ரேடியம் ஸ்டிக்கர்... ஒட்டும் வேலையைப் பேரப்பிள்ளைகளிடம் விடுங்கள். ‘என் பேத்தி ஒட்டினது’ என்று சொல்லிக்கொண்டே தாத்தா தெருமுனை வரை நடந்துவிடுவார்!