தறி நின்றது, போன் நின்றதா?



பிள்ளையார்பாளையத்திலும், ஐயம்பேட்டை, முத்தியால்பேட்டை போன்ற நெசவு ஊர்களிலும் வீடுதான் தறிக்கூடம். தறி இருக்கும் இடத்திலேயே சாப்பாடு, தூக்கம், பிள்ளை வளர்ப்பு எல்லாம். ஆயினும் நம் பெரியவர்கள் வேலைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு வரம்பு வைத்திருந்தார்கள். விளக்கு வைத்தால் தறியை விட்டு எழுவது, அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுப்பது என்று பல வீடுகளில் வழக்கம் இருந்தது.

இன்று அந்த வரம்பை அழிப்பது செல்போன். 2020 கொரோனா ஊரடங்கில் கடைகள் மூடிக் கிடந்தபோது, சேலையைப் படம் பிடித்து வாட்ஸ்ஆப்பில் அனுப்பி விற்கப் பலர் பழகிக்கொண்டார்கள். அது நல்லதே. வெளியூர்க்காரர் நேரே கிடைக்கிறார், நாலு காசு கூடுதலாக வருகிறது. ஆனால் கடைக்குக் கதவு உண்டு. போனுக்குக் கதவு இல்லையே!

ஒரு வீட்டில் நடப்பதைப் பாருங்கள். இரவு மணி ஒன்பது.

"என்னங்க, சோறு ஆறிப்போகுது."

"இரு, அமெரிக்காவிலிருந்து பார்டர் கலர் கேக்கறாங்க. அங்கே இப்பத்தான் விடிஞ்சிருக்கு."

பேரம் முடிய மணி பத்தரை. பள்ளிக்கூடத்துச் சேதி சொல்லக் காத்திருந்த பிள்ளை தூங்கிவிட்டது. மனைவி பேசவில்லை. விடியற்காலை கோர்வைக்கு நாடா தள்ள அவளும் உட்கார வேண்டும்.

இதனால் என்ன கேடு?

தூக்கம் குறைகிறது. பகலெல்லாம் இழை பார்த்த கண்ணுக்கும், குனிந்த கழுத்துக்கும் இரவிலும் ஓய்வில்லை. வீட்டில் பேச்சுக் குறைந்து சச்சரவு வளர்கிறது. வாரத்தில் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவருக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவரைவிடப் பக்கவாதம் வரும் வாய்ப்பு 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-ல் அறிவித்தன. போனில் பேரம் பேசுவதும் உழைப்புத்தான். அதையும் கணக்கில் சேருங்கள்.

வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்புக்குப் பதில் சொல்லாதிருக்கும் உரிமையைப் பிரான்ஸ் 2017-லும், ஆஸ்திரேலியா 2024-லும் சட்டத்தில் கொண்டுவந்தன. நம் வீட்டுத் தறிக்கு அப்படிச் சட்டம் இல்லை. கணவனும் மனைவியும்தான் வரம்பு போட வேண்டும்.

என்ன செய்யலாம்?

1. பதில் சொல்லும் நேரத்தை இருவரும் பேசிக் குறியுங்கள். உதாரணமாக, காலை 10 முதல் 11 வரை, மாலை 6 முதல் 7 வரை. அதை வாடிக்கையாளருக்கும் சொல்லிவிடுங்கள். வாட்ஸ்ஆப் பிசினஸில் மற்ற நேரங்களில் தானாகப் பதில் போகும் வசதி உண்டு.

2. இரவு 8 மணிக்கு மேல் டேட்டாவை நிறுத்திப் போனை மாடத்தில் வையுங்கள். அவசரத்துக்கு அழைப்பு வரும், பயம் வேண்டாம்.

3. முகூர்த்த மாதத்து அவசர ஆர்டரா? மனைவியைக் கேட்காமல் நாள் சொல்லாதீர்கள். கோர்வைக்கு இருவர் வேண்டும். முடிவுக்கும் இருவர் வேண்டும்.

4. வேலை நடக்கட்டும் என்று கைக்குழந்தையிடம் போனைக் கொடுக்காதீர்கள். 2 வயதுவரை வேண்டவே வேண்டாம். 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது.

5. அமாவாசையன்று தறியோடு வியாபாரப் போனுக்கும் ஓய்வு கொடுங்கள்.

"ஆர்டர் போயிடாதா?" என்று கேட்பீர்கள். ஒன்றிரண்டு போகலாம். ஆனால் ஒரு பட்டுச் சேலைக்காகப் பல நாள் காத்திருப்பவர், பதிலுக்காகக் காலைவரை காத்திருக்க மாட்டாரா?

தூக்கமின்மை, ஓயாத கவலை, வீட்டில் தீராத சண்டை இருந்தால் வெட்கப்படாதீர்கள். கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம்.

பகலில் தொழிலுக்குப் போன்! இரவில் குடும்பத்துக்கு நாம்!